துடைக்காத குழல்

வைக்கோல் கொட்டகைப் பரணில் கூகை குடியிருப்பது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். சாணம் அள்ளப் போனால் மேலேயிருந்து பாம்பு மாதிரி ஒரு சீறல் கேட்கும். எர்சிலியா அதை வருஷக்கணக்காகக் கேட்டும் கேளாதவளாகவே இருந்தாள். கொட்டகை அதன் பாடு, வீடு என் பாடு என்று விட்டுவிட்டாள். ஆனால் அந்தக் கோடையில் அது கொட்டகையை விட்டு வந்து வீட்டுக் கூரைமேல் உட்கார்ந்து கத்த ஆரம்பித்தது. கூரைமேல் கூகை கத்தினால் அந்த வீட்டில் ஒரு சாவு விழும்.

அந்த வீட்டில் சாகிற வயதில் யாரும் இல்லை. புருஷன் அர்செனியோ எருது மாதிரி இருந்தான். தின்றான், தூங்கினான், குறட்டை விட்டான். எர்சிலியாவுக்கு முழங்கால் வலியைத் தவிர ஒரு குறையும் கிடையாது. மிச்சம் இருந்தது மகள் யாஸ்னா. முதல் பிள்ளை உண்டாகி அம்மா வீட்டுக்கு வந்திருந்தாள். அவள் புருஷனுக்கு புவேர்த்தோ மோந்த் பக்கம், கடலில் சால்மன் மீன் வளர்க்கிற கூண்டுகளில் வேலை. எப்போதாவது லீவு கிடைத்தால் வந்து முகத்தைக் காட்டிவிட்டுப் போவான். ஆகவே கூகை யாரைக் கேட்டு வந்திருக்கிறது என்பதில் எர்சிலியாவுக்குக் கடுகளவும் சந்தேகம் இல்லை. அவளுடைய அக்கா முதல் பிரசவத்தில் கண்ணை மூடியபோதும் கூரைமேல் இப்படித்தான் ஒன்று வந்து கத்தியது. சிறுமியாக இருந்தபோது கேட்ட அந்தச் சத்தம் இன்னமும் அவள் காதுக்குள்தான் இருந்தது.

"கிழவா, அந்தச் சாக்குருவியச் சுட்டுப் போடு" என்றாள் காலையில்.

அர்செனியோ ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தான். "எதுக்கு?"

"எதுக்காம்ல எதுக்கு! ராத்திரியெல்லாம் அது கத்துனது உன் காதுல விழலயா?"

"விழுந்துச்சு. நீ கத்துறதுந்தான் தெனமும் விழுது. உன்னையச் சுட்டனா?"

யாஸ்னா களுக்கென்று சிரித்துவிட்டாள். எர்சிலியா இரண்டு பேரையும் சேர்த்து முறைத்தாள்.

"வெளையாடாத. வயித்துப் புள்ளக்காரி இருக்கற வீடு இது."

"சரி கிழவி, நான் சொல்றதயும் கேளு. மலையப் பாத்தியா? கீலா பூத்திருக்கு."

அவள் பார்க்காமல் என்ன. மலைச்சரிவு முழுக்க மண்டிக் கிடக்கிற மூங்கில் சாதிப் புதர் அது. ஒருத்தர் ஆயுசில் ஒரு தடவை பூக்கும். கொடுத்துவைத்தவர்கள் இரண்டு தடவை பார்ப்பார்கள், அதைக் கொடுப்பினை என்று சொல்ல முடியுமானால். பூத்து, விதையைக் கொட்டிவிட்டு, மலையோடு மலையாகக் காய்ந்து செத்துப்போகும். அந்த விதையைத் தின்று காட்டெலி பெருகும். விதை தீர்ந்ததும் பெருகினது மொத்தமும் பசியோடு கீழே வீடுகளுக்கு இறங்கும். அவர்கள் வீடு இருந்த ஏரிக்கரையில் இது பால்குடி மறக்காத பிள்ளைக்கும் தெரியும்.

"எலி எறங்குறப்ப நம்ம பக்கம் நிக்கப்போறது அது ஒண்ணுதான். பரண்ல குஞ்சு வேற இருக்கு. அதுகளுக்கு எர தேடியே அது பாதி மலையக் காலி பண்ணிரும்" என்றான் அர்செனியோ.

"நரி இருந்துச்சே, அதுவும் எலிதான தின்னுச்சு? ஜோடியாத் திரிஞ்சதுகளச் சுட்டுத் தோல உரிச்சது யாரு?"

"அது ஆட்டுக்குட்டியத் தூக்குச்சு."

"ஓகோ. உன் ஆட்டுக்குட்டிக்காக நீ நரியச் சுடலாம். என் பொண்ணுக்காக நான் ஒரு ஆந்தையச் சுடச் சொல்லக் கூடாது. நல்ல நியாயம்!"

அர்செனியோ இன்னொரு துண்டைப் பிய்த்தான். வாய் நிறைய ரொட்டியை வைத்துக்கொண்டான். ஆனால் துப்பாக்கியை எடுக்கவும் இல்லை.

அவனை நம்பிப் பிரயோஜனம் இல்லை என்று ஆனதும் எர்சிலியா தானே இறங்கினாள். யாஸ்னாவைப் பரிசோதனைக்கு அழைத்துக்கொண்டு அவன் படகில் அக்கரைக்குப் போயிருந்த நாள். பட்டப்பகலில் கொட்டகைக்குள் பச்சைத் தழையைப் போட்டு மூட்டம் போட்டாள். புகை பரணுக்கு ஏறியதும் கூகை முகட்டு ஓட்டை வழியாக வெளியே வந்தது. வெயிலில் கண் கூசித் தடுமாறி, வேலியில் ஒரு தரம் இடித்துக்கொண்டு, காட்டுப் பக்கம் போய்விட்டது. அவள் ஏணியை வெளிச்சுவரில் சாத்தி ஏறி அந்த ஓட்டையின்மேல் பலகையை வைத்து ஆணி அடித்தாள். அடித்து முடித்த பிறகும் உள்ளே சீறல் கேட்டுக்கொண்டிருந்தது. குஞ்சுகள். அவளுக்கு அது தெரியாமல் இல்லை. இறங்கி வந்து, கெட்டது அண்டாமலிருக்க அடுப்பில் ஒரு பிடி உப்பைப் போட்டாள். பாதி உப்பு தரையில் கொட்டியது.

சாயங்காலம் அர்செனியோ பலகையைப் பார்த்தான். சுத்தியலை எடுத்துக்கொண்டு ஏணிக்குப் போனான். எர்சிலியா ஓடிப்போய் ஏணியைக் கட்டிக்கொண்டாள்.

"ஏறுனேன்னா என் பொணத்து மேலதான் ஏறணும்!"

அவன் அவளைப் பார்த்தான். சண்டைக்காரியின் முகமாக அது இல்லை. மழையில் நனைந்த நாய்க்குட்டி மாதிரி உடம்பு உதறிக்கொண்டிருந்தது. சுத்தியலைக் கீழே போட்டுவிட்டான். "உன் பயத்துக்கு என்னத்த மருந்து குடுக்கறது" என்று மட்டும் சொன்னான். அவனும் அந்தப் பலகையில் ஓர் ஆணி அடித்த மாதிரிதான் அது. சில நாள் கூகை இருட்டுகிற நேரத்தில் கொட்டகையைச் சுற்றிச் சுற்றிப் பறந்தது. அப்புறம் வரவில்லை. உள்ளே சீறலும் நின்றது.

எர்சிலியா நிம்மதியாகத் தூங்கினாள், இலையுதிர் காலம் வரைக்கும்.

முதலில் மலை சத்தம் போட்டது. காற்றே இல்லாத நேரத்தில் காய்ந்த கீலாப் புதருக்குள் சரசரவென்று ஓயாமல் ஒரு அரவம். பிறகு புல்வெளி அசைந்தது. ஆடு நிற்கவில்லை, மாடு நிற்கவில்லை, புல் மட்டும் அசைந்தது. ஏரியில் நீந்தத் தெரியாமல் விழுந்து செத்த எலிகள் கரையோரம் நுரை ஒதுங்குகிற மாதிரி ஒதுங்கின. தூண்டிலில் மாட்டிய மீனைக் கீறினால் வயிற்றுக்குள் எலி. யாரும் மீன் தின்பதை விட்டுவிட்டார்கள். வீட்டுப் பூனை ஆரம்பத்தில் ராஜாவாக வேட்டையாடியது. அப்புறம் தின்று தின்று அலுத்துப்போய், தன் பால் கிண்ணத்தில் எலி வாய் வைப்பதைச் சம்பந்தமில்லாத ஆள் மாதிரி படுத்துக்கொண்டு பார்த்தது.

மாவு டின்னின் மூடியைக் கடித்தன. சுவருக்குள் ஓடின. நெஞ்சின்மேல் ஓடியதில் அர்செனியோ ஒரு நாள் அலறிக்கொண்டு எழுந்தான். அவனைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. யாஸ்னா பிள்ளைக்கென்று பின்னிவைத்த கம்பளித் துணிகளை எர்சிலியா பெட்டியிலிருந்து வெயிலில் போட எடுத்தாள். குட்டிக் குல்லாவுக்குள் ஏதோ வெதுவெதுப்பாக நெளிந்தது. ரோஜா நிறத்தில், கண் திறக்காத எலிக்குஞ்சுகள். குல்லாவோடு சேர்த்து அடுப்பில் போட்டாள். மகளிடம் மூச்சு விடவில்லை.

ரேடியோ புதுப் பயம் ஒன்றைக் கொண்டுவந்தது. ஹந்தா காய்ச்சல். நீள வால் எலியின் புழுக்கையில் அதன் கிருமி இருக்கிறது. காய்ந்து தூசியாகி மூச்சில் ஏறினால் போதும். முதலில் சாதாரணக் காய்ச்சல், உடம்பு வலி. அப்புறம் நெஞ்சுக்குள் தண்ணீர் கோத்துக்கொண்டு ஆள் மூச்சு முட்டிப் போய்விடுவான். அக்கரையில் ஒரு தகப்பனும் மகனும் அப்படித்தான் போனார்கள். மூடிக் கிடந்த இடத்தைத் திறந்தால் முதலில் காற்றாட விடுங்கள், குளோரின் தண்ணீரைத் தெளியுங்கள், விளக்குமாற்றைத் தொடாதீர்கள் என்று ரேடியோவில் ஒரு பெண் குரல் திரும்பத் திரும்பச் சொன்னது. ஆளிடமிருந்து ஆளுக்கும் தொற்றும் என்றது. கடைசியாக, மாத்தே டீ உறிஞ்சிக் குடிக்கிற குழலை ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்ளாதீர்கள் என்றது.

"குழல மாத்தாம மாத்தேவ எப்படிக் குடிக்கிறதாம்? ஆளுக்கொரு குடுக்கையத் தூக்கிட்டு மூலைக்கொருத்தரா உக்காரணுமா? இவளுக்கு அம்மா அப்பா இல்லபோல" என்று ரேடியோவைத் திட்டினான் அர்செனியோ. எர்சிலியாவும் அவன் கட்சிதான். மாத்தே என்றால் ஒரு குடுக்கை, ஒரு குழல். வீட்டுக்காரி இலையைப் போட்டு வெந்நீர் ஊற்றி முதல் குடுக்கையைத் தான் குடிப்பாள். பிறகு ஊற்றி ஊற்றி ஒவ்வொருவருக்காக நீட்டுவாள். வாங்குகிறவர் குழலின் வாயைத் துடைத்துவிட்டுக் குடித்தால் ஊற்றியவள் முகத்தில் துப்பின மாதிரி. அப்படித் துடைத்த மச்சினியோடு எர்சிலியா பேச்சை விட்டுப் பல காலம் ஆகிறது.

யாஸ்னாதான் பலகையைப் பற்றிப் பேச்செடுத்தாள். "அம்மா, பரண் ஓட்டையத் தொறந்து விட்டுருவோம். அந்தக் கூகை பக்கத்துலதான் எங்கயாச்சும் இருக்கும், திரும்பி வந்தாலும் வரும். நான் ஏறிப் பிரிச்சு விடறேன்."

"வயித்தத் தூக்கிக்கிட்டு ஏணியிலயா? கால ஒடிச்சுப் போடுவேன்."

சொல்லிவிட்டாளே ஒழிய, மகள் பிடிவாதக்காரி என்று பெற்றவளுக்குத் தெரியாதா. ஆகவே அவள் தூங்கி எழுவதற்கு முன்னால் எர்சிலியாவே முழங்காலைப் பிடித்துக்கொண்டு கொட்டகைக்குள்ளே பரணேறினாள். பரண் கதவை நெட்டித் தள்ளியதும் நாற்றம் முகத்தில் அடித்தது. பரண் தரையே தெரியவில்லை. கோதுமையைக் கொட்டிக் காயப்போட்ட மாதிரி எலிப்புழுக்கை. மூலையில் கூகையின் கூடு இருந்த இடத்தில் குஞ்சுகள் கிடந்தன. கிடந்தன என்று சொல்வதற்கு எலும்பும் கொஞ்சம் வெள்ளைப் பூம்பஞ்சு இறகும்தான் மிச்சம். அந்த எலும்பிலும் பல் தடம். எலிகள் அவற்றைக்கூட விட்டுவைக்கவில்லை.

எர்சிலியாவுக்கு உடம்பெல்லாம் கூசியது. இதை யாஸ்னா பார்த்துவிடக் கூடாது என்ற ஒன்றுதான் அப்போது தலைக்குள் இருந்தது. விளக்குமாற்றை எடுத்துப் பரபரவென்று எல்லாவற்றையும் கூட்டித் தள்ளினாள். பலகையை உள்ளிருந்து கம்பியால் நெம்பித் தட்டிவிட்டபோது வெளிச்சம் உள்ளே பாய்ந்தது. அந்த வெளிச்சத்தில்தான் தூசியைப் பார்த்தாள். பரண் முழுக்க, தன் மூக்குக்கு முன்னால், தங்கப்பொடி மாதிரி நின்று சுற்றிக்கொண்டிருந்தது. ரேடியோக்காரியின் குரல் அப்போது ஞாபகம் வந்து என்ன செய்ய.

யாரிடமும் சொல்லவில்லை. கூகை வரவும் இல்லை. நாட்கள் போயின. யாஸ்னா தும்மினால் எர்சிலியா ஓடினாள், யாஸ்னா இருமினால் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். இருந்த பயத்தையெல்லாம் மகள்மேலேயே வைத்துவிட்டதில் தன்னைப் பார்த்துக்கொள்ள அவளுக்குத் தோன்றவில்லை.

அன்று காலை எழுந்தபோது தொடையும் இடுப்பும் கடுத்தன. முந்தின நாள் விறகு பிளந்ததுதான் என்று நினைத்தாள். அடுப்பை மூட்டி, ரொட்டியை வேகவைத்து, வழக்கம்போல முதல் மாத்தேவைத் தான் குடித்துவிட்டு அடுத்ததை மகளிடம் நீட்டினாள். யாஸ்னா வாங்கினாள். வாங்கி, மேல்துணியின் நுனியைக் குழலின் வாயருகே கொண்டுபோனாள்.

"என்னடி பண்ற?"

"ரேடியோல சொன்னாங்கல்லம்மா..."

"ஓ. பெத்தவ எச்சி கசக்குதோ? உனக்கு மென்னு ஊட்டுன வாய்டி இது. நாளைக்கு எனக்குத் தனித்தட்டு போட்டுக் கொட்டகையில உக்கார வெப்ப போலருக்கு."

"அய்யோ, அப்படியெல்லாம் இல்லம்மா."

"அப்ப குடி."

யாஸ்னா துணியைக் கீழே விட்டாள். எர்சிலியா ரொட்டி கருகுகிற வாசனை வந்து அடுப்புப் பக்கம் திரும்பினாள். திரும்பி வந்தபோது குடுக்கை காலியாக மேஜைமேல் இருந்தது. திருப்தியாக அடுத்ததை அர்செனியோவுக்கு ஊற்றினாள். அவன் வேண்டாமென்று எழுந்து மாட்டைப் பார்க்கப் போனான்.

உச்சிப்பொழுது வருவதற்குள் குளிர் நடுக்கம் வந்துவிட்டது. அடுப்பை ஒட்டி உட்கார்ந்தும் பல் கிட்டியது. நெற்றியைத் தொட்டால் சுட்டது. வேறு காய்ச்சலாக இருக்கலாம் என்று ஒரு நிமிஷம் தன்னை ஏமாற்றிப் பார்த்தாள், ஏமாற முடியவில்லை. கண்ணுக்கு முன்னால் அந்தத் தூசி சுற்றியது. அடுத்து அந்தக் குழல். அதற்கப்புறம் அந்தக் குழலைத் தவிர வேறு எதுவும் நினைவில் நிற்கவில்லை. அவள் எழுந்து சமையற்கட்டுக் கதவுக்குக் குறுக்குக் கட்டையைப் போட்டாள். ஜன்னல் வழியாக அர்செனியோவைக் கூப்பிட்டாள்.

"கிட்ட வராத! அங்கயே நில்லு. ஆஸ்பத்திரி வண்டியக் கூட்டிட்டு வா. பரணக் கூட்டுனது நான்தான்னு சொல்லு."

அவன் முகம் வெளுத்ததை அவள் பார்த்தாள். குதிரைமேல் சேணம்கூடப் போடாமல் ஏறிப்போனான்.

சத்தம் கேட்டு ஆப்பிள் பொறுக்கிக்கொண்டிருந்த யாஸ்னா ஓடிவந்தாள். கதவைத் தட்டினாள். தள்ளினாள்.

"அம்மா, கதவத் தொற."

"தொறக்க மாட்டேன். தள்ளிப் போ."

"காய்ச்சலா? தண்ணி குடிச்சியா? தனியா எப்படிம்மா இருப்ப? தொறம்மா!"

"கதவுல கைய வெக்காத! வாயத் துணியால மூடு. தள்ளிப் போன்னு சொல்றேன்ல!"

வெளியே அழுகிற சத்தம். எர்சிலியா தரையில் சரிந்து கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டாள். இரண்டு விரல் கனப் பலகைக்கு அந்தப் பக்கம் மகளும் வயிற்றுப் பிள்ளையும் மூச்சு விடுவது கேட்டது. நெஞ்சில் ஏதோ கனக்க ஆரம்பித்திருந்தது.

"பயமா இருக்காம்மா?"

"இருக்குடி. ரொம்பப் பயமா இருக்கு."

"சாக மாட்டம்மா. வண்டி வந்துரும்."

"நான் செத்தா செத்துட்டுப் போறேன். காலைல நீ குடிச்சியே... நான்தான உன்னைக் குடிக்க வெச்சேன். என் வாய் அழுகிப் போக!"

வெளியே அழுகை நின்றது.

"அம்மா, ஒண்ணு சொன்னாக் கோவப்படுவியா?"

"சொல்லு."

"நான் குடிக்கல. நீ ரொட்டியப் பாக்கத் திரும்புனப்ப சாம்பல் வாளியில ஊத்திட்டேன். நீ மூஞ்சியத் தூக்கிவெச்சுக்குவன்னுதான் சொல்லல."

எர்சிலியாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பில் இருமல் வந்தது, கண்ணில் தண்ணீர் வந்தது. இதை நேற்று யாராவது சொல்லியிருந்தால் வீட்டை இரண்டாக்கியிருப்பாள். தான் ஊற்றிய மாத்தேவைக் கொட்டினாளாமே! கொட்டினவள் மகராசியாக இருக்க வேண்டும். கடவுளே, இந்தப் பெண் சொன்ன பேச்சைக் கேட்காமல் இருந்தாளே.

அடுப்புக்குக் கீழே சாம்பல் வாளி இருந்தது. காலையில் அள்ளிய சாம்பல். இன்னும் யாரும் கொண்டுபோய்க் கொட்டவில்லை. அவளுடைய கண் அதன்மேல் போய் நின்றது. வேண்டாம் என்று மனசு சொன்னது. ஆனாலும் கையை ஊன்றித் தவழ்ந்து போனாள். வாளிக்குள் கையை விட்டாள்.

மேலே உலர்ந்திருந்தது. உள்ளே விட்டாள். முழங்கை வரைக்கும் விட்டு, அடித்தகரத்தில் விரல் தட்டுகிறவரை துழாவினாள். ஒரு கட்டி இல்லை, ஓர் இலை இல்லை, மாத்தே பட்ட ஒரு சொட்டு ஈரம் இல்லை. சலித்த மாவு மாதிரி விரலிடுக்கில் வழிந்தது.

"அம்மா? கோவமா?"

எர்சிலியா கையை வெளியே எடுத்தாள். கதவுப் பக்கம் திரும்பினாள்.

"இல்லடி கண்ணு. நல்ல காரியம் பண்ணுன. இப்பத்தான் எனக்கு உசுரே வந்துச்சு."

"நெசமாவா?"

"நெசமாத்தான். அழாத. ஆனா வண்டி வந்ததும் உன்னையும் பாக்கச் சொல்லுவேன். சும்மா ஒரு எட்டுப் பாத்துக்கட்டும். அதுவரைக்கும் உங்க அப்பாவயும் கிட்டச் சேக்காத. இப்பப் போய் வேலியோரம் காத்தாட நில்லு."

மகளின் காலடிச் சத்தம் மெதுவாகத் தள்ளிப் போயிற்று. எர்சிலியா குளிரில் ஆடிக்கொண்டே அதைக் கடைசிவரை கேட்டாள். அவள் பிறந்ததிலிருந்து எத்தனையோ பயந்திருக்கிறாள். அதெல்லாம் பயமே இல்லை என்று இப்போது தெரிந்தது. வெகுநேரம் கழித்து ஏரிக்கரைப் பாதையிலிருந்து வண்டிச் சத்தம் கேட்டது. சுவரைப் பிடித்து எழுந்தாள். கதவைத் திறப்பதற்கு முன்னால், யாஸ்னாவின் கண்ணில் பட்டுவிடக் கூடாதென்று, கையிலிருந்த சாம்பலைப் பாவாடையில் அழுத்தி அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.